மூணாவது மாடிச் சாவி

மாணவி: சாவிக்கொத்தை ஆட்டாதடா, எரிச்சலா வருது! நீயே கேளு.

மாணவன்: நான் ஏன்? நீதானே கேள்வி எழுதினே?

அக்கா: என் வீட்டு வாசல்ல நின்னு சண்டை போடாம உள்ள வாங்க. நான் வேலைக்குக் கிளம்பணும்.

மாணவன்: எங்க காலேஜ் ப்ராஜெக்டுக்கு, துப்புரவுப் பணியாளர்களோட மனித உரிமை பத்திக்கா...

அக்கா: அதான் மூணு வாரமா கேக்கறீங்களே. கூட்டுறேன், துடைக்கிறேன், கழுவுறேன். இன்னும் என்ன?

மாணவி: இது கொஞ்சம்... கூச்சமா இருக்கும்க்கா. வேலை செய்யற இடத்துல... கழிப்பறை வசதி...

அக்கா: இதுக்கா இந்த இழுப்பு! இருக்கே. நாலு இருக்கு. நாலையும் நான்தான் கழுவுறேன்.

மாணவன்: சூப்பர்! 'வசதி உண்டு'.

அக்கா: எழுதிக்கோ. காலையில வாட்ச்மேன் திறப்பார், கழுவினதும் பூட்டிடுவார். மத்தவங்ககிட்ட ஆளுக்கொரு சாவி. எனக்குக் கிடையாது.

மாணவி: அப்ப நீங்க?

அக்கா: பஸ் ஸ்டாண்டுக்கு ஓடணும். அதனாலயே தண்ணி குடிக்கிறதில்ல. டாக்டர், கிட்னியில கல்லுங்கறார்.

மாணவி: அடப்பாவிகளா!

மாணவன்: அப்பட்டமான உரிமை மீறல்! கண்டனக் கடிதம், கையெழுத்து இயக்கம், வாசல்ல போராட்டம்...

அக்கா: நீ பாட்டுக்கு அடுக்கிட்டே போறியே. என் வேலை போனா நீயா சோறு போடுவே?

மாணவி: உங்க பேரு வெளிய வராதுக்கா. சத்தியமா.

மாணவன்: எந்த இடம்னு மட்டும் சொல்லுங்க. நாறடிச்சிடறோம்.

அக்கா: நிஜமா?

மாணவன்: நிஜமா.

அக்கா: உங்க யுனிவர்சிட்டிதான். மனித உரிமைத் துறை, மூணாவது மாடி. தினம் நீ காலைத் தூக்குவே, நான் அடியில கூட்டுவேன். போனைவிட்டு நிமிர்ந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

மாணவன்: நம்ம மூணாவது மாடியா?

அக்கா: என்ன, ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கறீங்க?

மாணவி: சொல்லித் தொலையேன்டா.

மாணவன்: நீ சொல்லு.

மாணவி: அக்கா... சுத்தமான கழிப்பறை எங்க உரிமைன்னு போன வருஷம் கையெழுத்து வாங்கி... அந்தப் பூட்டைப் போட வெச்சதே நாங்கதான்க்கா.

அக்கா: தெரியும்மா. 'மாணவர்களுக்கு மட்டும்'னு நீங்க குடுத்த நோட்டீஸைக் கதவுல ஒட்டினதே நான்தான். தம்பி கையில கிலுகிலுங்குதே, அந்தச் சாவிக்காகத்தான் மூணு வாரமா உங்களை உள்ள விட்டேன்.

*

அந்த அக்கா நான்தான். உங்க ஆபீஸ்ல, காலேஜ்ல கூட்டுறவங்க எங்க போறாங்க? கீழ எழுதுங்க. தெரியலேன்னா, தெரியலேன்னே எழுதுங்க.