வாடையில்லாத குடி

— நான் இவ்வளவு நேரம் சொன்னத மறுபடியும் மொதல்லேர்ந்து சொல்லு, தைஸ்தோ. அந்த பன்னைக் கீழ வச்சுட்டுச் சொல்லு.

— நல்லாருக்குக்கா. ஏலக்காய் தூக்கலா இருக்கு. சக்கரைதான் பத்தல.

— தட்டே காலி! சாயங்காலம் ஹெல்மி வருவான்னு அவளுக்குச் சுட்டது.

— அவ மாசமா இருக்காளா?

— இல்லடா! அதுக்குத்தானே இவ்வளவும். எத்தன தடவ சொல்றது? பிள்ளை பெத்துக்கலாமா வேணாமான்னு தெரியாம தவிச்சுட்டிருக்கா. அவங்கப்பன் எய்னோவால ஒரு சட்டைப் பொத்தான் போட முடியல. சவுனாவுல நீராவிக் குளியலுக்குத் தண்ணி மொண்டு சுடுகல்லுமேல ஊத்த முடியல. நம்ம கூடப்பொறந்தவன்டா அவன்.

— காலைல அகப்பையத் தன் கால்மேலயே போட்டுக்கிட்டானே! அவன் மூஞ்சி போன போக்கு!

— சிரிக்காத. அவன் பொண்டாட்டி கதவுக்குப் பின்னாடி நின்னு அழறா, நீ பல்லக் காட்டிட்டு நிக்கற. உன்னத் தூக்கி ஏரில போடலாமான்னு வந்துச்சு எனக்கு.

— ஏரி உறைஞ்சு கெடக்குக்கா. போட்டா வழுக்கிட்டுப் போவேன்.

— கடவுளே, எனக்குப் பொறுமையக் குடு. இங்க பாரு. எய்னோ ரத்தத்த சோதிச்சதுல, கை கால முடக்கற கோளாறு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. அது வழிவழியா வர்றது. அவன் பொண்ணுக்கு இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஏன், உனக்கும் எனக்கும்கூட அதே கணக்குதான்.

— எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன். இந்தா, கையப் புடிச்சுப் பாரு.

— கைய எடு, பிசுபிசுங்குது. ஆஸ்பத்திரி நர்ஸ் கேட்டா, உங்க குடும்பத்துல கை கால் விழுந்தவங்க உண்டான்னு. யாருமில்லன்னேன். அப்பறம் கேட்டா, நடு வயசுக்கு மேல குணம் மாறிப்போனவங்க யாராவது?

— அதெதுக்கு அவளுக்கு?

— அதே கோளாறு ஒருத்தருக்குக் கை காலப் புடிக்குமாம். இன்னொருத்தருக்கு மூளையோட முன்பக்கத்தப் புடிச்சு ஆளையே மாத்திடுமாம். ஒரே வீட்ல ரெண்டும் வருமாம். எனக்கு உடனே அப்பா ஞாபகம் வந்துடுச்சு. ஆனா நான் அப்ப சுவீடன்ல கார் கம்பெனில கெடந்தேன். வீட்ல இருந்தவன் நீதான். எப்படி ஆரம்பிச்சதுன்னு சொல்லு. திங்கக்கெழம நான் போய் நர்ஸ்கிட்ட சொல்லணும். நம்ம வீட்ல அது எப்படியெல்லாம் வருதுன்னு தெரிஞ்சாத்தான் ஹெல்மிகிட்ட உள்ளத உள்ளபடி பேச முடியுமாம்.

— அப்பாவுக்கு என்ன நோய்? குடிகாரன்.

— அது அம்மா சொன்னது. நீ என்ன பாத்த?

— பேச ஆரம்பிச்சார்.

— என்னது?

— பேச ஆரம்பிச்சார்க்கா! நம்ம அப்பா! ரொம்பக் கேட்டா ஒரு ‘ம்’ங்கற மனுஷன். பஸ்ல முன்னப்பின்ன தெரியாத ஒரு பொம்பள பக்கத்துல போய் உக்காந்து, உங்க தொப்பி உங்களுக்குச் சரியில்லன்னார். அவ அடுத்த ஸ்டாப்புல எறங்கி, பனில நடந்தே போயிட்டா! நான்கூட இன்னிக்கு பஸ்ல எய்னோ கதையச் சொன்னேன். ஒருத்தரும் எறங்கல.

— பஸ் பூராவுமா சொன்ன? உனக்கு வெவஸ்தையே கெடையாதா? சரி, மேல சொல்லு. அப்பாவுக்கு அப்ப என்ன வயசு?

— என் வயசுதான். அப்பறம் பக்கத்து வீட்டு கெர்த்துவோட புருஷன் செத்தார். அடக்கம் முடிஞ்சு காப்பிக்கு உக்காந்தோம். எல்லாரும் அவங்கவங்க கோப்பையவே பாத்துட்டிருக்காங்க. அப்பா எந்திரிச்சுப் போய் முழு கேக்கையும் தன் பக்கம் இழுத்து வச்சுத் தின்னார். பாதிரியாரப் பாத்து, அங்கிக்கு உள்ள என்ன போட்டிருக்கீங்கன்னார்!

— ஐயோ.

— எனக்குச் சிரிப்பு அடக்க முடியலக்கா.

— அங்கயா சிரிச்ச?

— அங்கயா? அங்க வெக்கத்துல செத்தேன். ரொம்ப நாள் வெளில தல காட்டல. இப்பதான் நெனச்சா சிரிப்பு வருது.

— அம்மா என்ன செஞ்சா?

— வாய மோந்து பாத்தா. வாடையே இல்ல. சத்தியமா குடிக்கலன்னார். வோட்காவுக்கு வாடை கெடையாதுன்னுட்டா அம்மா. விறகுக் கொட்டகை, சவுனா பின்பக்கம், படகுக்கு அடியில, எங்க தேடியும் ஒரு பாட்டில் சிக்கல. இவ்வளவு சாமர்த்தியமா ஒளிக்கறாருன்னா பெரிய குடிகாரர்தான்னு முடிவு பண்ணிட்டோம்.

— பாட்டில் கெடைக்காததே சாட்சியா? உங்க புத்திய எதால அடிக்கறது!

— நம்மூர்ல ஒரு ஆம்பள கெட்டுப்போனா வேற என்ன காரணம் சொல்வாங்க? திருந்தினா வான்னு அக்கரைல மரவெட்டிங்க குடிசைக்கு அனுப்பிட்டா. அங்கயே போய்ச்சேந்தார்.

— நோயாளிடா அவர்! நோயாளியப் பனில தனியா விட்டுச் சாகடிச்சிருக்கோம். இத்தன வருஷமா அவர் பேரச் சொல்லவே கூசினோமே. என்னால தாங்க முடியலடா.

— காப்பி இன்னும் இருக்கா?

— இதான்! இதத்தான் சொல்றேன்! நான் இங்க அப்பாவ நெனச்சு அழறேன், நீ காப்பி கேக்கற. கோழி செத்தாக்கூட சாப்பிடாம படுத்திருந்த பையன் நீ. எப்படிடா இப்படி மரக்கட்டையாப் போன?

— கத்தாதக்கா. ரைலியும் இப்படித்தான் கத்தறா.

— கத்தாம என்ன பண்ணுவா? உன்னக் கல்யாணம் கட்டி மேய்க்கறாளே, அவளுக்குச் சிலைதான் வைக்கணும். ஆமா, அவ ஏன் வரல? வாசல்ல என்ன அவ்வளவு பெரிய பை?

— என் துணிமணி. மீன்பிடிக்கற குடிசைல போய்க் கொஞ்ச நாள் இருன்னுட்டா. குடிய விட்டாத்தான் வீட்டுக்குள்ள சேப்பாளாம்.

— தைஸ்தோ… நீ குடிக்கறியா?

— ஒரு சொட்டு கெடையாதுக்கா. சொன்னா யாரு நம்பறா?

— நான் நம்பறேன்டா. ஐயோ, தம்பி, நான் நம்பறேன்.