117 என்று நான் எழுதிய எண்

என் பெயர் ஷர்மினி த/பெ சின்னத்தம்பி. வயது 26. லாயாங் லாயாங்கில் பெற்றோருடன் வசிக்கிறேன். பெக்கான் நானாஸில் கொதிகலன் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் மூன்று ஆண்டுகளாக வடிவமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். விசாரணை அதிகாரியிடம் இந்த வாக்குமூலத்தைத் தமிழில் தர விரும்பினேன். மொழிபெயர்ப்பாளர் திரு. அமலநாதன் எழுதிக்கொண்டார்.

2023 ஆகஸ்டில் பண்டார் தெங்காரா அருகே உள்ள செம்பனை எண்ணெய் ஆலையின் கொதிகலனுக்குப் புதிய ஹெடர் செய்யும் வேலை எங்களுக்கு வந்தது. ஹெடர் என்பது சிறு குழாய்களிலிருந்து வரும் நீராவி சேரும் தடித்த குழாய். மேலாளர் அட்ரியன் அளவெடுத்து வர என்னை அனுப்பினார். கொதிகலனை நிறுத்தியிருந்தார்கள். அங்கே பாய்லர்மேன் மணியம் என்பவர் விளக்குப் பிடித்து என்னை உள்ளே கூட்டிப் போனார். "இஞ்சினியரம்மா, சட்டையெல்லாம் கரியாயிரும், அப்பறம் உங்கம்மா என்னையத்தான் ஏசுவாங்க" என்று சொல்லித் தன் கையுறைகளைக் கழற்றிக் கொடுத்தார். பழைய ஹெடருக்கு முன்னால் நெருப்பை மறைக்க இருக்க வேண்டிய செங்கல் சுவர் இல்லை. அதைக் கேட்டபோது, "அது விழுந்து நாலு வருசம் ஆச்சும்மா, நெருப்பு நேரா மூஞ்சிலதான் அடிக்கும்" என்றார். நான் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

அதன் பிறகு பட்டறைக்குத் திரும்பிக் கணக்குப் போட்டேன். எஃகு சூடாகச் சூடாக அதன் பலம் குறையும். எந்த வெப்பத்தில் அதன்மீது எவ்வளவு தகைவை, அதாவது உலோகம் தாங்கும் இழுவிசையை, அனுமதிக்கலாம் என்பதற்கு விதிநூலில் அட்டவணை உண்டு. நீராவியின் வெப்பம் 350 டிகிரி. ஹெடர் நெருப்புக்கு மறைவில் இருந்தால் அந்த வெப்பத்துக்கே எண்ணை எடுக்கலாம், அது 117 மெகாபாஸ்கல். நெருப்பு படும் இடத்தில் இருந்தால் உலோகம் நீராவியைவிடச் சூடாக இருக்கும். ஆகவே நான் 400 டிகிரிக்குப் பார்த்து 89 என்று எழுதினேன். அதன்படி குழாயின் கனம் பத்து மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். பட்டறையில் கையிருப்பில் இருந்தது 9.3 மில்லிமீட்டர் குழாய். தடித்த குழாய் வந்து சேர ஆறு வாரம் ஆகும். ஆலையோ செம்பனைப் பழம் அதிகம் வரும் மாதத்துக்கு முன் கொதிகலனை மறுபடி ஓட்டக் கேட்டது.

அதன் பிறகு தாளை அட்ரியனிடம் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு, "என்ன லா ஷர்மினி, பரீட்சையா எழுதுறே? ஹெடர் செங்கலுக்குப் பின்னால இருக்குன்னு போடு" என்றார்.

நான், "செங்கல் இல்ல சார், நான் உள்ள போயி பார்த்தேன்" என்றேன்.

"நீ பார்த்தது உனக்குத் தெரியும், பேப்பருக்குத் தெரியுமா? மாத்திக் கொண்டா."

என் மேசைக்குத் திரும்பி 400ஐ அழித்து 350 என்றும், 89ஐ அழித்து 117 என்றும் எழுதினேன். 'நெருப்புக்கு மறைவில் உள்ளது' என்ற வரியையும் சேர்த்தேன். கையிருப்புக் குழாய் போதும் என்று கணக்கு வந்தது. 'தயாரித்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்திட்டேன். அந்தத் தாளைத்தான் அரசு அனுமதிக்கு அனுப்பினார்கள். அந்த வருடம் எனக்கு வேலை நிரந்தரமானது. அப்பா பட்டறையின் பெயர் போட்ட என் சட்டையைத் தானே இஸ்திரி போட்டு வைப்பார்.

2024 நவம்பர் 12 காலை பத்தரை மணிக்கு அந்த ஹெடர், சிறு குழாய்கள் வந்து சேரும் துளைகளுக்கு நடுவே பிளந்தது. நெருப்புக் கதவைத் திறந்து சாம்பல் வாரிக்கொண்டிருந்த மணியத்தின் மேல் நீராவி அடித்தது. அவர் மூன்றாம் நாள் இறந்தார். ஏன் பிளந்தது என்பதை ஆய்வாளர்கள்தான் சொல்ல வேண்டும். நான் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

அதன் பிறகு அட்ரியன் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். "டேபிள்ல வரிசை மாறிப் பார்த்துட்டேன்னு சொல்லிரு. சின்னப் பொண்ணு, அனுபவம் இல்லன்னு விட்டுருவாங்க. உங்க வீட்டுலயே நீதானே மொத கிராஜுவேட், உன்கிட்ட யாரு பெருசா எதிர்பார்க்கப் போறா?" என்றார். அப்படிச் சொன்னால் வேலை போகாது என்றும், உண்மையைச் சொன்னால் முதலில் மாட்டுவது நான்தான் என்றும் சொன்னார். கடைசியாகச் சொன்னது சரிதான் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு மணியத்தின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி புஷ்பவள்ளி என்னை யாரென்று கேட்டார். "பட்டறையிலிருந்து வர்றேன்" என்றேன். "உக்காருமா, வெயில்ல வந்திருக்கே" என்று மைலோ கலக்கித் தந்தார். குடித்தேன். கணக்கைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பெயரையும் சொல்லவில்லை.

வரிசை மாறி நான் பார்க்கவில்லை. இரண்டு எண்களையும் விரல் வைத்து, இரண்டு தடவை பார்த்தேன். மாற்றச் சொன்னவர் அட்ரியன். மாற்றியவள் நான். என் குறிப்பேட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

எழுதியது முழுவதையும் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். இரண்டாம் பக்கத்தில் 'கவனக்குறைவால்' என்று இருந்த சொல்லை அடிக்கச் சொன்னேன். அந்தச் சொல் இருந்தால் எனக்கு உதவும் என்று அதிகாரி சொன்னார். தெரியும் என்றேன். அந்தச் சொல்லை அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். மீதி யாவும் நான் என் வாயால் சொன்னபடியே உள்ளது, உண்மை.

(ஒப்பம்)
ஷர்மினி த/பெ சின்னத்தம்பி