கிளடிஸ் ரீச்சரின் பொப்பி விதை

குருமாவுக்குக் கசகசா வறுக்கும்போது அடுப்பு மெல்லிய சூட்டில் இருக்க வேண்டும். அவசரப்பட்டால் கருகிக் கைத்துப்போகும். நான் எதிலும் அவசரப்படுகிற ஆள் இல்லை.

கிளடிஸ் ரீச்சர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஸ்காபரோவில் எங்கள் தெருவில் இருந்த தன் வீட்டை விற்று அபார்ட்மென்டுக்குப் போனபோது, இருபது வருடமாகத் தன் தோட்டத்தில் பூத்த பொப்பியின் விதை, அதுதான் கசகசா, முழுவதையும் ஓர் உறையில் போட்டு என் கணவர் தியாகலிங்கத்திடம் கொடுத்தார். ஒரு கைப்பிடி இருக்கும். தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. இவர் அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். என் பச்சைமிளகாய்ப் பாத்தியையும் அதற்கு ஒதுக்கிவிட்டார்.

பிறகு சனிக்கிழமைகளில் ரீச்சர் பஸ் எடுத்து வந்து படிப்பித்தார்.

"மண்ணால மூடாதேங்கோ. கடைசி சினோ கொட்டினாப் பிறகு, அந்தப் பனிக்கு மேல, மணலோட கலந்து தூவுங்கோ."

இவ்வளவுதான் பாடம். ஏழு சனிக்கிழமை எடுத்தது. முப்பத்துநான்கு வருடத்தில் சுடுதண்ணீர் வைத்தறியாத மனுசன், ரீச்சருக்கு இஞ்சித் தேத்தண்ணீர் போட்டார். இரண்டு கரண்டி சீனி என்பது கேட்காமலே தெரிந்திருந்தது. எனக்கு நீரிழிவு, சீனி வருத்தம் என்பதை நான்தான் அடிக்கடி நினைவூட்ட வேண்டும்.

விதையை மணலில் கலக்கும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். கலந்தது கடுகு. உறையில் இருந்ததை வறுத்து, தேங்காயோடு அரைத்து, ஆட்டிறைச்சிக் குருமாவில் விட்டேன். இவர் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார்.

"இஞ்சரும், இண்டைக்கு உம்மட கைக்கு என்ன வந்தது?"

சந்தோசமாக இருந்தது. மறைப்பானேன்.

சித்திரையில் முளைத்தது. இவர் முழங்காலில் நின்று, நெருக்கமாக இருந்த கன்றுகளைப் பிடுங்கி ஐதாக்கினார். பிடுங்கியதை நான் வீணாக்கவில்லை, தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்தேன். ஆனியில் பாத்தி மஞ்சளாகப் பூத்தது. ரீச்சர் வந்து குனிந்து பார்த்தார்.

"உது கடுகெல்லோ, தியாகு."

தியாகு. நான் ஒருநாளும் வாயால் சொல்லாத பெயர்.

ரீச்சர் பொலபொலவென்று அழுதார். இவரும் கூட அழுதார். எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அழுதவரை வெறும் வயிற்றோடு அனுப்பக்கூடாது என்று, பிரீசரில் எடுத்து வைத்திருந்த அதே குருமாவைச் சூடாக்கிப் போட்டேன். ரீச்சர் கோப்பையை வழித்துச் சாப்பிட்டார்.

"கமலாம்பிகை, எனக்கு இதைப் பழக்கித் தாரும்."

பூ இல்லையென்றால் வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது சமையல் பழக ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறார். தேத்தண்ணீர் இவர்தான் போடுகிறார். பொறாமைக்காரி என்றால் வீட்டுக்குள் விடுவேனா, சொல்லுங்கள்.

அன்றைய ருசி வரவில்லையே என்று ரீச்சர் கவலைப்படுகிறார். கடைக் கசகசாவில்தான் பிழை என்று சொல்லியிருக்கிறேன். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை.