ரோலுக்குள் எது உள்ளே, எது வெளியே?

மேடையில் வீற்றிருக்கும் உணவுப் பாதுகாப்பு வாரியத்தின் தலைவர் அவர்களே, உறுப்பினர் பெருமக்களே, முன் வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவர், எங்கள் மாமா அவர்களே, ஆய்வகத் தோழர்களே, நாற்காலி கிடைக்காமல் கதவோரம் நிற்கும் நண்பர்களே! எல்லோருக்கும் வணக்கம். அழுது முடித்துவிட்டுத்தான் மேடையேற வேண்டும் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. அழுகையை முந்திக்கொண்டு எரிச்சல்தான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஆய்வகத்தின் தலைமை வேதியியலாளர், உணவை அடைக்கும் உறைகளைச் சோதிப்பதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டிருந்தவர், நம் 'டப்பா அக்கா' போய்விட்டார். போன வாரம் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தவர், மேசையைப் பிடித்தபடியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. பக்கத்து மேசைக்காரன் நான். ஓடிப்போய்த் தாங்கினேன். தாங்கி என்ன பயன்?

டப்பா அக்கா என்ற பெயர் சும்மா வரவில்லை. எந்த ஓட்டலுக்குப் போனாலும் பார்சல் டப்பாவைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். "கொதிக்கக் கொதிக்க எண்ணெயோட ஊத்துறீங்களே, இது தாங்குமா? யாரு சப்ளை?" என்று ஆரம்பித்துவிடுவார். கடைக்காரர் முழிப்பார். மாமா ஒருமுறை நொந்துபோய் என்னிடம் சொன்னார்: "இவகூட சாப்பிடப் போனா வயிறு நிறையாதுப்பா, பைதான் நிறையும். வீடு பூரா காலி டப்பா! நான் படுக்கத்தான் இடமில்ல." இதோ, மாமா சிரிக்கிறார். சிரியுங்கள் மாமா. அக்காவும் இதற்குச் சிரித்தவர்தான்.

ஆனால் நான் சிரிக்கவைக்க வரவில்லை. ஒரு பிஸ்கெட் உறையைப் பற்றிச் சொல்ல வந்தேன். உறையின் வெளிப்பக்கத்தில் பளபளவென்று அச்சிடுகிறார்கள். அந்த மை சட்டென்று காய்வதற்கு ஒரு ரசாயனம் சேர்க்கிறார்கள். அது உடம்புக்குள் போகக் கூடாத பொருள். கம்பெனிகளோ அச்சிடாத வெறும் உறையைத்தான் சோதனைக்கு அனுப்பின. விதி அதை அனுமதித்தது. நம் ஆய்வகமும் 'சரி' என்று எழுதிக் கொடுத்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது, அக்கா ஓர் அச்சகத்துக்குள் கால் வைக்கும்வரை!

நானும் கூடப் போயிருந்தேன். அச்சான உறைகளை ஆளுயர ரோல்களாகச் சுற்றிக் கிடங்கில் நிறுத்தியிருந்தார்கள். மை வாடையில் தலை சுற்றியது. மேலாளர் டீ வரவழைத்துக்கொண்டே சொன்னார்: "மேடம், மை வெளிய இருக்கு, பிஸ்கெட் உள்ள இருக்கு. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல."

அக்கா ரோலைத் தட்டினார். "இப்படிச் சுத்தி வெச்சிருக்கீங்களே தம்பி, இதுக்குள்ள எது உள்ள, எது வெளிய?"

மேலாளர் டீயை அக்கா பக்கம் நகர்த்தினார். ஒரு சுற்றின் மை அடுத்த சுற்றின் உட்பக்கத்தோடு வாரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது! பிஸ்கெட் படப்போவது அந்தப் பக்கத்தில்தானே? ரோலிலிருந்தே ஒரு துண்டு வெட்டி வந்து சோதித்தோம். உட்பக்கத்தில் அந்த ரசாயனம் இருந்தது. கொஞ்சநஞ்சமல்ல, இருக்கவே கூடாத அளவுக்கு இருந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்று நான் துள்ளினேன். அக்கா துள்ளவில்லை. "நாம சரின்னு கையெழுத்துப் போட்ட உறைடா இது" என்றார். அன்று அவர் சாப்பிடவே இல்லை.

அதற்குப் பிறகு அவர் கேட்டது எவ்வளவு? புது விதிமுறையில் ஒரே ஒரு வரி! 'அச்சிட்டு, சுற்றி, கிடங்கில் வைத்த ரோலிலிருந்தே சோதனைத் துண்டை எடுக்க வேண்டும்.' அவ்வளவுதான். செலவு கூடும் என்றார்கள். தொழில் படுத்துவிடும் என்றார்கள். "குழந்தை கையில குடுக்கற பொருளுங்க இது" என்பார் அக்கா. எத்தனை கூட்டத்தில், எத்தனை பேரிடம்! கடைசியில் அந்த வரி வாரியத்தின் வரைவில் ஏறியது. வரைவைப் பற்றி எல்லாத் தரப்பையும் கேட்கும் விசாரணைக்குத் தேதியும் குறித்தார்கள். அதற்குள் அக்கா போய்விட்டார்.

என்ன நடந்தது தெரியுமா அவையோரே? 'அம்மையாரின் மறைவை முன்னிட்டு' விசாரணையைத் தள்ளிவைத்தார்கள். நல்ல மரியாதை! விசாரணையைத் தள்ளிவைத்தீர்கள், அச்சு யந்திரங்களை யார் தள்ளிவைத்தது? அவை இப்போதும் ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன? என் மகளோடு படிக்கும் பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோகும் பைக்குள் இன்றைக்கும் அந்த பிஸ்கெட் இருக்கிறது! நேற்று திருத்திய வரைவு என் மேசைக்கு வந்தது. நான்கு முறை படித்தேன். அக்காவின் வரி அதில் இல்லை. பழையபடி 'அச்சிடாத உறை' என்றே இருக்கிறது.

சற்றுமுன் தலைவர் அவர்கள் கூட்ட அரங்குக்கு அக்காவின் பெயரை வைப்பதாக அறிவித்தார். நீங்கள் கைதட்டினீர்கள். எனக்குக் கை எழும்பவில்லை. இதோ, இப்போது மேடையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வருகிறது. 'சுருக்கமாக முடிக்கவும்.' முடித்துவிடுகிறேன் ஐயா. எத்தனையோ முறை அக்காவுக்கும் இதே சீட்டு வந்தது, அவர் அதை மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு பேசுவார்.

மாமா, எழுந்திருக்கிறீர்களே, ஏதாவது சொல்ல வேண்டுமா? ஒலிபெருக்கி வேண்டாமா? சரி, நானே திருப்பிச் சொல்கிறேன். கேட்டுக்கொள்ளுங்கள் அவையோரே! "அவ பேரை எங்கயும் எழுத வேணாம். அவ எழுதினதை அழிக்காம இருங்க, போதும்" என்கிறார்.

இதற்குமேல் நான் என்ன பேச! அக்காவின் பிள்ளைகளாய் வளர்ந்த ஆய்வகத்தார் சார்பில் உறுதி சொல்கிறேன்: நாளைக் காலை அந்த வரியை என் கையெழுத்தோடு ஆட்சேபமாகக் கொடுக்கிறேன். அதற்காக என்னை எங்கே தூக்கியடித்தாலும் சரி, போன இடத்திலிருந்தும் கொடுப்பேன். என்னோடு கையெழுத்துப் போட வருகிறவர்கள் வாருங்கள்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது மௌன அஞ்சலி. எல்லோரும் எழுந்துவிட்டீர்கள், நன்றி. தலைவர் அவர்களே, நீங்களும் நிற்கிறீர்கள். அந்த வரி திரும்ப வருமா, வராதா? நீங்கள் சொல்லுங்கள், அப்புறம் நாங்கள் மௌனமாக இருக்கிறோம்.