ராணி குளித்த சுனை

குதிரையை அந்தக் கல்லிலேயே கட்டச் சொல்லுங்கள் ஐயா, தப்பில்லை. சக்கரவர்த்தியின் பட்டத்து யானையைக் கட்டிய கல் என்று நான்கு வருடமாக நான்தான் சொல்லிவருகிறேன். மலைக்காரர்கள் அதில் கன்றுக்குட்டியைக் கட்டுவார்கள். கல் எதையும் மறுத்துப் பேசாது. அதனால் எனக்குக் கல்லைப் பிடிக்கும்.

நான் செல்லப்பன், இந்தக் காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். தலைச்சோலைக்குக் கீழே இருக்கும் குடிசைகளில் ஏன் இத்தனை பேர் செத்தார்கள் என்று விசாரிக்க, இன்ஸ்பெக்டரான நீங்கள் குப்பனூர் வழியாகக் குதிரை மூச்சிரைக்க ஏறி வந்திருக்கிறீர்கள். பாவம், அவ்வளவு சிரமம் வேண்டாம். நானே சொல்லிவிடுகிறேன். போகிற வழியில் தலைநகரத்தையும் காட்டிவிடுகிறேன். இரண்டுக்கும் ஒரே பாதைதான்.

இளவயதில் ஹம்பியில் ஒரு வெள்ளைக்காரர் இடிபாடுகளை அளந்துகொண்டிருந்தார். நான் அவருக்குக் கூடாரக் குமாஸ்தா. யானை லாயம், கொலுமண்டபம், ராணி குளித்த இடம் என்று அவர் கை நீட்டிய பக்கமெல்லாம் ஒரு பெயர் முளைத்தது. கல்லைவிடப் பெயருக்குத்தான் மதிப்பு என்று அங்கே கற்றுக்கொண்டேன்.

பிறகு இங்கே வேலைக்கு வந்தேன். கோடையில் எஸ்டேட் துரையின் பங்களாவுக்கு விருந்தாளிகள் வருவார்கள். இரண்டு நாள் மூடுபனியைப் பார்ப்பார்கள். அதன்பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சலித்துப்போவார்கள். இங்கே பார்க்க வேறு ஒன்றுமே இல்லையா என்று துரைசானி கேட்டார். இருக்கிறதே, ஹம்பி ராயர்களின் கோடைத் தலைநகரம் இதுதானே என்றேன். உடனே நம்பிவிட்டார்கள். கவர்னரே வெயிலுக்குப் பயந்து மலையேறும்போது சக்கரவர்த்தி மட்டும் கீழே வெந்துகொண்டிருப்பாரா?

இதோ, இந்தப் பாறைதான் நாட்டிய அரங்கு. கேழ்வரகு அடிக்கும் களம் என்றும் சொல்வார்கள், கலை தெரியாதவர்கள். அந்தத் தானியக் குழி கஜானா. அந்தப் பரண் கண்காணிப்புக் கோபுரம். ஒரு சீமாட்டி அதைப் படமாக வரைந்து லண்டனுக்கு அனுப்பினார். அதன் கட்டடக் கலையைப் பற்றி நான் வாய் வலிக்கப் பேசினேன். காட்டுப்பன்றியை விரட்டுவதற்காகக் குடிசைக்கார அம்மாசி அதற்கு முந்தின மாதம்தான் அதைக் கட்டியிருந்தான்.

இந்தச் சுனைதான் முக்கியம். பார்த்து வாருங்கள், கல் வழுக்கும். குடிசைக்காரர்களுக்குக் குடிதண்ணீர் இது ஒன்றுதான். விளிம்பில் இருக்கும் கீறல்களைப் பார்த்தீர்களா? தாமரை இதழ்கள். ராணி காலை வைத்துக்கொள்ளும் இடம்.

போன வருடம் சென்னையிலிருந்து ஒரு பெரிய படிப்பாளித் துரை வந்தார். கல்வெட்டு படிக்கிறவர். தமிழ் மட்டும் வராது. அவருக்கு நான் தாமரையை விளக்கிக்கொண்டிருந்தபோது அத்தாயி குடத்தோடு வந்து நின்றாள். குடிசைக்காரி. கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"ஏனுங்க ரைட்டரே, இது எம்பட மாமனாரு கல்லு அடுக்கிக் கட்டுன சுனைங்க. இந்தத் தழும்பு எங்கூட்டு அருவா தீட்டுனதுங்க. எந்த ராணிங்க வந்து குளிச்சது, எங்க மாமியாளுங்களா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். குடை பிடித்த கூலி சிரித்தான். சாப்பாட்டுக் கூடை தூக்கியவனும் சிரித்தான். இவள் என்ன சொல்கிறாள் என்று படிப்பாளி கேட்டார். ராணியை இவள் குடும்பத்தில் முன்னோராகவே கும்பிடுகிறார்களாம் என்றேன். அவர் பக்தியோடு தொப்பியைக் கழற்றினார்.

அதிலிருந்து காபி பறிக்கிற பெண்கள்கூட என்னைக் கண்டால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குக் கோபம் இல்லை ஐயா. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட ஜனங்களிடமிருந்து கலையைக் காப்பாற்ற வேண்டுமே என்ற கவலைதான்.

துரையிடம் போனேன். குடம் உரசி உரசித் தாமரை தேய்கிறது, முள்கம்பி வேலி போட்டுப் பூட்ட வேண்டும் என்றேன். அவர் நல்ல மனிதர், தண்ணீருக்குக் குடிசைக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டார். கீழே ஓடை இருக்கிறது என்றேன். அது பொய் இல்லை. ஓடை இருக்கத்தான் இருக்கிறது. எங்கள் கூலிகள் குடியிருக்கும் லைனைத் தாண்டி, காபிப் பழம் கழுவிய தண்ணீரையும் வாங்கிக்கொண்டு அவர்களிடம் போய்ச் சேருகிறது. லைனில் அப்போது பேதி கண்டிருந்தது. எனக்குத் தெரியாமல் இருக்குமா? மருந்து கொடுத்ததே நான்தான்.

வேலி வந்தது. சாவி என் இடுப்புக்கு வந்தது. பழம் பறிப்பு முடிவதற்குள் குடிசைகளிலும் பேதி வந்தது. முதலில் கிழவர்கள் போனார்கள். பிறகு வயது பார்க்காமல் போனார்கள்.

ஒரு நாள் காலையில் அத்தாயி வந்தாள். அவள் மகள் சின்னத்தாயிக்கு ராத்திரியிலிருந்து வயிற்றால் போகிறதாம், ஓடைத் தண்ணீரைக் கொடுத்தால் அப்படியே வாந்தி எடுக்கிறதாம். அன்றைக்குச் சிரித்தது தப்பு என்று காலில் விழுந்தாள். எழுந்திரு என்றேன், மரியாதையாகத்தான். இங்கே யார் குளித்தது என்று கேட்டேன்.

"ராணிங்க ஐயா. ராணிதானுங்க குளிச்சாங்க. ஒரு கொடம் உடுங்க, புள்ளைக்கு மட்டும்."

வாய் சொன்னது, கண் சொல்லவில்லை. நான்கு வருடம் இதே தொழிலாக இருப்பவனுக்கு அந்த வித்தியாசம் தெரியாதா? துரையிடம் கேட்டுத்தான் திறக்க முடியும், நாளைக்கு வா என்றேன். துரை பங்களா வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தார். நான் கேட்கவில்லை. மறுநாள் அவள் வரவில்லை. புதைக்கப் போயிருந்தார்கள்.

சாவு கூடிப்போனபிறகு துரைக்கு விஷயம் எட்டி, காலையில் மட்டும் கதவைத் திறந்துவிடச் சொல்லிவிட்டார். திறக்கிறேன். உத்தரவு உத்தரவுதானே. தண்ணீர் மொள்ளும் முன் ஒவ்வொருவரும் சுனையின் வரலாற்றைச் சொல்ல வேண்டும் என்று நான் ஒரு சின்ன ஏற்பாடு செய்திருக்கிறேன். அவர்களில் ஐயாக்கண்ணு முணுமுணுப்பான், அம்மாசி பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வான். பழக வேண்டும்.

தாகமாக இருக்குமே, ஒரு வாய் குடியுங்கள். மலையிலேயே நல்ல தண்ணீர் இதுதான். நான் வேறெங்கும் குடிப்பதில்லை.

எந்தச் சட்டத்தில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, கையெழுத்துப் போடுகிறேன். ஓடை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துதான் அனுப்பினேன். சாவியை வைத்துக்கொண்டேதான் நாளைக்கு வா என்றேன். ஆனால் ஒரு பெண்பிள்ளை சிரித்ததற்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவ்வளவு அற்பமானவன் இல்லை நான். கலைக்காகச் செய்தேன்.

அதோ, அத்தாயியே குடத்தோடு வருகிறாள். இங்கே யார் குளித்தது என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். இப்போதெல்லாம் சிரிக்காமல் சொல்கிறாள்.