பேரிங் பழகும் வரை

எழுதுகிற ஏட்டையாவை நிதானமாக எழுதச் சொல்லுங்கள், ஐயா. அவசரப்பட்டுச் செய்கிற வேலை எனக்கு எப்போதுமே பிடிக்காது.

நான் தண்டாயுதபாணி. எங்கள் வீட்டில் எல்லாரும் ராசிபுரத்தில் தறி நெய்கிறவர்கள். நான் ஒருவன்தான் மோட்டார் பக்கம் வந்தேன். நாமக்கல்லில் பட்டறை. நாச்சிமுத்துக் கவுண்டருடைய காரை அவர் வாங்கிய நாளிலிருந்து நான்தான் பார்க்கிறேன். நல்ல மனிதர்தான், ஆனால் காருக்குப் பகையாளி. இன்ஜினுக்குப் பின்னால் எண்ணெய் ஒழுகுகிறது என்று சொன்னால், "ஒழுகுனா ஊத்திக்கலாம், உடு" என்பார். ஊற்றவும் மாட்டார். ஒருமுறை வழியில் எண்ணெய் வற்றிப்போய், செக்கில் கடலை எண்ணெயை வாங்கி ஊற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். திறந்து பார்த்தேன். உள்ளே பாகு காய்ச்சிய சட்டி மாதிரி இருந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் பேரிங் தேய்ந்து, உள்ளே சுத்தியால் தட்டுகிற மாதிரி சத்தம் வந்தது. அவர் தோட்டத்துக் கொட்டகையிலேயே இன்ஜினைப் பிரித்தேன். பேரிங்கின் உள்பூச்சாக இருந்த பழைய ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டுப் புதிதாக வார்த்தேன். வார்க்க யாருக்கும் வரும். அதை, உள்ளே சுழல்கிற இன்ஜின் தண்டுக்குப் பொருத்துவதுதான் வேலை. தண்டில் மை தடவி, பேரிங்கை வைத்துச் சுழற்றி, மை ஒட்டிய மேட்டை மட்டும் சுரண்டவேண்டும். திரும்ப மை, திரும்பச் சுரண்டல். மை கொடுத்தது கவுண்டரின் மனைவி பொன்னாத்தாள். நிறைமாதம் அவருக்கு. பிறக்கப்போகிற பிள்ளைக்கென்று விளக்கெண்ணெய் விளக்கில் பிடித்து வைத்திருந்த மை.

"ஏனுங்க, எம்பட கொழந்தைக்கு முந்தி உங்க இஞ்சின் மை வெச்சுக்குதா?" என்று சிரித்தார்.

அப்படி ஒரு பேரிங்கை நான் அதற்கு முன் செய்ததில்லை. ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகவில்லை. ஆனால் புது பேரிங்கை ஆரம்பத்தில் மெதுவாக ஓட்டித்தான் பழக்கவேண்டும். விரட்டினால் ஈயம் உருகித் தண்டைப் பிடித்துக்கொள்ளும். பழகும் வரை நானே ஓட்டுகிறேன் என்று சொல்லிக் கவுண்டரிடம் சாவியை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையிலேயே பொன்னாத்தாளுக்கு வலி கண்டுவிட்டது. உச்சிவெயிலில் மருத்துவச்சி வெளியே வந்து, ரத்தம் நிற்கவில்லை, சேலத்துக்குக் கொண்டுபோங்கள் என்றாள். கவுண்டர் ஊரில் வேறு மோட்டார் கிடையாது.

கவுண்டர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்சீட்டில் பொன்னாத்தாளின் தாயார் செல்லாயி, மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு. நான் பழக்க வேண்டிய வேகத்திலேயே போனேன்.

"கொஞ்சம் வெரசாப் போ, சாமி" என்றார் கவுண்டர்.

"இதுக்கு மேல போவாதுங்க."

அது பொய். ராசிபுரம் பிரிவைத் தாண்டி ஒரு இறக்கத்தில் சைக்கிள்காரன் ஒருவன் எங்களை முந்திக்கொண்டு போனான். கவுண்டர் அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. கால் தன்னால் ஒருமுறை அழுத்தியது. இன்ஜின் குரல் மாறியதும் எடுத்துவிட்டேன்.

மல்லூரில் புளியமர நிழலில் நிறுத்தினேன். சூடு ஆறட்டும் என்று சொன்னேன். "கண்ண முழிச்சுப் பாரு, பொன்னு" என்று செல்லாயி விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குனிந்து இன்ஜினுக்கு அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். கை பொறுக்கிற சூடுதான். இருந்தாலும் இன்னும் கொஞ்சம் பொறுத்தே கிளப்பினேன்.

சேலத்து எல்லையில் செல்லாயி பேச்சை நிறுத்திவிட்டார். பொன்னாத்தாளும் போய்விட்டார், வயிற்றில் இருந்ததும் போய்விட்டது. அரை மணி முந்தி வந்திருந்தால் இரண்டையும் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

விரட்டியிருந்தால் வண்டி சேலம் வந்து சேர்ந்திருக்குமா என்று கேட்கிறீர்கள். சேர்ந்திருக்கும். பேரிங் கெட்டுப்போயிருக்கும், ஆனால் ஆஸ்பத்திரி வாசல் வரை தாங்கியிருக்கும். நான் வார்த்தது, எனக்குத் தெரியாதா. வழியிலும் அது தெரிந்துதான் ஓட்டினேன். கவுண்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டிருந்தால், "போனாப் போவுது, உடு" என்று சொல்லியிருப்பார். அதனால்தான் கேட்கவில்லை.

இதை யாரும் துப்புத் துலக்கவில்லை, ஐயா. நானாகச் சொன்னதுதான். கருமாதிக்குப் போயிருந்தேன். கவுண்டர் பந்தலில் ஒரு மூலையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் மனசு ஆறும்படி ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, இன்ஜினைத் திறந்து பார்த்துவிட்டேன், அன்றைக்கு மெதுவாகவே ஓட்டியதால் பேரிங்கில் ஒரு கீறல்கூட இல்லை, இனி நீங்கள் எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் போகலாம் என்றேன்.