படையலைத் தின்ற மிஷின்

மணி மதியம் ஒன்றே கால். காலாப்பட்டில் ஈ.சி.ஆரை விட்டுக் கடற்கரைப் பக்கம் இறங்கும் மண்ரோடு. சித்திரை வெயில்... ஒரு நாய்கூட வெளியில் இல்லை. வெற்றிலைக் கட்டோடு தனியாக வண்டியில் வந்துகொண்டிருந்தான் என் சிநேகிதன் அருள்முருகன்.

தேவதாஸ், முதலில் அந்த மிக்சர் பொட்டலத்தை மடித்து வை. நடுவில் யாராவது வாந்தி எடுத்தால் இந்த மொட்டைமாடியைக் கழுவ என்னால் ஆகாது. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கரண்ட் வருகிறவரைக்கும் சொல்கிறேன். பேய் ராத்திரியில்தான் வரும் என்று எவன் சொன்னது?

அருளும் நானும் ஒரே கடையில் வேலை. தரை பெருக்குகிற ரோபோ மிஷினை வீட்டுக்குப் போய்ப் பொருத்திக் கொடுப்பது அவன் வேலை, ரிப்பேர் என் வேலை. இது நடந்தது அவனுடைய அக்கா அமுதவல்லி வீட்டில். அக்காவுக்கு ஒன்பது மாதப் பிள்ளை, செழியன். தவழ்கிற வயசு, தரையில் கிடப்பதெல்லாம் வாய்க்குள் போகும். பிள்ளை கண்டதைத் தின்று ஏதாவது ஆகிவிடுமோ என்று அக்காவுக்கு ஓயாத பயம். அதற்காகத்தான் மிஷினே வாங்கினாள்.

அருள் ஒழுங்காகத்தான் செட் பண்ணினான். ஹாலில் டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சுவரோரமாகச் சார்ஜர், முன்னால் நிறைய இடம். ஒயர், கால்மிதி எல்லாவற்றையும் எடுத்து மேலே போட்டான். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றவிட்டு அக்கா போனில் மேப் எடுத்தான். பிள்ளை தூளியில் தூங்குகிற நேரமாகப் பார்த்து, தினமும் மதியம் ஒன்றரைக்குத் தானாக ஓடும்படி வைத்தான். "சோறு, கொழம்பு எது சிந்தினாலும் மொதல்ல கையால தொடச்சிடுக்கா. ஈரத்துல இத வுடாத" என்று பத்துத் தடவை சொன்னான். அவ்வளவு சொன்னவன்தான்...

பங்குனிக் கடைசியில் அக்காவின் மாமியார் வீராயி செத்துப்போனாள். ஐஸ் பெட்டிக்கு பிளக் வேண்டும் என்று சார்ஜரைப் பிடுங்கிவிட்டார்கள். மிஷின் பதினைந்து நாள் சும்மா கிடந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குக் காலையிலேயே போன அருள் அதைப் பார்த்தான். சர்வீஸ்காரன் கை சும்மா இருக்குமா? பிளக்கைச் சொருகிவிட்டான். சார்ஜ் ஏறினால் பழைய டைமுக்கு அது கிளம்பிவிடும் என்பது அவனுக்கு மறந்தே போயிற்று.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். காரியத்தன்று மதியம் ஹாலில் இலை போட்டு, செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் படைத்து, விளக்கேற்றிக் கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே ஒருவரும் இருக்கக் கூடாது. அரை மணி கழித்து மூன்று தடவை தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். வீராயிக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் வெற்றிலையும் என்றால் உயிர். வெற்றிலையை மறந்துவிட்டதால்தான் அருள் அந்த வெயிலில் வண்டியை எடுத்தான். அவன் வந்ததும் இரண்டு முழு வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு வைத்துக் கதவைச் சாத்தினார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் தெருப் பந்தலில் உட்கார்ந்தார்கள்.

ஒன்றரை.

உள்ளே 'டொய்ங்' என்று ஒரு சத்தம். பிறகு ர்ர்ர்... அருளுக்கு அப்போதுதான் அந்தப் பழைய டைம் ஞாபகம் வந்தது. நிறுத்துகிற ஆப் அக்கா போனில், போன் உள்ளே. எழுந்து ஓடியவன் கையை அக்கா வீட்டுக்காரர் கன்னியப்பன் பிடித்துக்கொண்டார். "நடுவுல தொறக்கக் கூடாதுடா." அரை மணி நேரமும் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். ர்ர்ர்... நின்று... சப். சப். சப். எட்டு வருஷமாக இந்த மிஷின்களைப் பிரித்து மாட்டுகிறேன், எந்த மிஷினுக்கும் அப்படி ஒரு சத்தம் கிடையாது.

தட்டிவிட்டுத் திறந்தார்கள். சீ... சொல்லவே நாக்குக் கூசுகிறது. இலை கிழிந்து ஒரு மூலையில் கிடந்தது. கருவாட்டுக் குழம்பு ஹால் முழுக்கக் கோடு கோடாக, சுவர்வரைக்கும் இழுத்துப் பூசியிருந்தது. கருவாடும் சூடேறின மோட்டாரும் சேர்ந்து ஒரு நாற்றம். வீராயியின் தங்கை சுலோசனா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அவ பங்க இது தின்னுடுச்சே. இனிமே பசிச்சா அவ யாரத் தேடிப் போவா?"

மறுபடி சமைத்துப் படைத்தார்கள். மீதியைக் காக்கைக்கு வைத்தார்கள்... ஒரு காக்கைகூட வாய் வைக்கவில்லை.

சாயங்காலம் அருள் மிஷினைக் கடைக்குக் கொண்டுவந்தான். அதன் குப்பை டப்பாவைத் திறந்தது நான், என் தலையெழுத்து. உள்ளே சோறு இருந்தது. அப்படியே உறிஞ்சின சோறு இல்லை... மென்ற சோறு. எச்சிலோடு கூழாக, இன்னும் சூடாக. நடுவில் சிவக்கச் சிவக்க மென்ற வெற்றிலைச் சக்கை. நெத்திலி முள்ளைச் சப்பி ஓரமாக ஒதுக்கியிருந்தது. பிரஷ்ஷைச் சுற்றி நரைமுடி, எண்ணெய்ப் பிசுக்கோடு. அறுத்தெடுத்து, பினாயில் ஊற்றிக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனேன். மறுநாள் மிஷினை ஓட்டவே இல்லை, டப்பாவில் பாதிக்கு மறுபடியும் மென்ற சோறு. அன்றோடு அதைத் தொடுவதை விட்டேன். ஒரு வாரம் கையால் சோறு பிசைய முடியவில்லை, ஸ்பூனால் தின்றேன்.

அருள் அதைப் பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டு வந்தான். அக்கா வீட்டையும் கழுவியாயிற்று. அவள் பழையபடி துடைப்பத்தை எடுத்தாள். சனியன் தொலைந்தது என்றுதான் நாங்களும் இருந்தோம்.

பத்து நாள் போயிருக்கும். மதியம் ஒன்றரை. தூளியில் தூங்கிய பிள்ளை எப்படி இறங்கினான் என்று தெரியவில்லை. டிவி ஸ்டாண்டு பக்கம் போய்ச் சுவரில் காலை ஒட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் அசையாமல் இருந்திருக்கிறான். பிறகு சுவரோரமாக நேராகத் தவழ்ந்தான். மூலை வந்ததும் திரும்பி, ஒரு சாண் தள்ளி, மறுபடி நேராக. முகம் தரையில். நாக்கு வெளியே... நக்கிக்கொண்டே போகிறான். முடி, செத்த எறும்பு, செருப்பு மண், எல்லாம் உள்ளே போகிறது. அக்கா அலறியடித்துக்கொண்டு தூக்கினாள். கையும் காலும் காற்றில் தவழ்ந்துகொண்டே இருந்தன. அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. கீழே விட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினான்.

தினமும் அதே நேரம். மடியில் இறுக்கிப் பிடித்து வைத்தால் கண் செருகி, வாயில் நுரை தள்ளிவிடுகிறது. பல் முளைக்கிற பிள்ளை அப்படித்தான் என்றார் ஒரு டாக்டர். மந்திரித்தும் பார்த்தாயிற்று. வேறு வழியில்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

போன ஞாயிறு அருள் போயிருந்தான். மணி ஒன்றே கால். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முட்டி போட்டு, மூலைமூலையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மூன்றாவது தடவையாம். பக்கெட்டில் ஆவி பறந்தது.

"வெறும் தண்ணியில தொடைக்கிறியேக்கா, கொஞ்சம் டெட்டால் ஊத்தக் கூடாதா?" என்று கேட்டான்.

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. மணியை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"ஊத்திப் பாத்தேன்டா... புள்ளைக்கு நாக்கு வெந்துபோவுது."